காரைத் தள்ளி வந்த வீரர்

பந்தயத்தில் ஜெயித்தவருக்குத்தான் எல்லாரும் கை தட்டுவார்கள். தோற்றுப் போனவருக்காகக் கூட்டம் ஆரவாரம் செய்த கதை தெரியுமா? அவர் பெயர் ரால்ஃப் டி பால்மா.

இத்தாலியில் 1882-ம் ஆண்டு பிறந்த இவர், சிறு வயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவுக்குச் சென்றார். முதலில் சைக்கிள் பந்தயம், பிறகு மோட்டார் சைக்கிள், அதன்பின் கார் என்று படிப்படியாக முன்னேறினார்.

1912 மே 30. இண்டியானாபோலிஸ் நகரில் 500 மைல் கார் பந்தயம் நடந்தது. 500 மைல் என்றால் சுமார் 800 கிலோ மீட்டர். மொத்தம் 200 சுற்றுகள்! அந்தக் காலத்தில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து செல்வார். டி பால்மாவின் மெர்சிடிஸ் காரில் ரூபர்ட் ஜெஃப்கின்ஸ் என்பவர் இருந்தார்.

மூன்றாவது சுற்றிலேயே முதலிடத்தைப் பிடித்த அந்தக் கார், தொடர்ந்து 196 சுற்றுகள் அதை விட்டுக்கொடுக்கவில்லை. வெற்றி உறுதி என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் இன்ஜினில் கோளாறு! கனெக்டிங் ராடு உடைந்துவிட்டது. பிஸ்டனின் விசையை, சக்கரங்களைச் சுழற்றும் தண்டுக்குக் கொண்டு சேர்க்கும் கம்பி அது. கார் தள்ளாடித் தள்ளாடிச் சென்று, 199-வது சுற்றில் நின்றே போனது.

டி பால்மா என்ன செய்தார் தெரியுமா? ஜெஃப்கின்ஸுடன் கீழே இறங்கி, கனமான காரைத் தள்ளத் தொடங்கினார். பின்னால் வந்த ஜோ டாசன் முந்திச் சென்று கோப்பையை வென்றார். அவர் முன்னிலை வகித்தது கடைசி இரண்டே சுற்றுகள்தான்! டி பால்மாவுக்குக் கிடைத்தது 11-வது இடம். ஆனாலும் கூட்டம் அவரை வாழ்த்திக் குரல் கொடுத்தது.

அதே ஆண்டு அக்டோபரில் மில்வாக்கியில் இன்னொரு பந்தயம். கடைசிச் சுற்றில் டி பால்மாவின் கார், காலெப் பிராக் ஓட்டிய காருடன் மோதியது. பலத்த காயத்துடன் கிடந்தபோதும், பிராக் மீது தவறில்லை, அவர் தாராளமாகவே வழி விட்டார் என்று எல்லாரிடமும் சொன்னார் டி பால்மா.

காயம் ஆறியதும் மீண்டும் களத்தில் இறங்கினார். 1915-ல் அதே இண்டியானாபோலிஸ், மறுபடியும் மெர்சிடிஸ் கார். கடைசிச் சுற்றுகளில் மறுபடியும் கனெக்டிங் ராடு உடைந்தது! இம்முறை கார் எப்படியோ தாக்குப்பிடித்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. டி பால்மா சாம்பியன் ஆனார்!

1919-ல் டேடோனா கடற்கரையில் பேக்கார்டு காரை மணிக்குச் சுமார் 241 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். 1956-ல் மறைந்தார்.

குழந்தைகளே! தோற்றாலும் பாதியில் விட்டுவிடாதீர்கள். அடுத்தவர் மீது பழி போடாதீர்கள். டி பால்மாவின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.