வில்லியம் கிரகாம் மெக்ஐவர்

வில்லியம் கிரகாம் மெக்ஐவர் (1824 – ஜூன் 8, 1876) இசுக்காட்லாந்தைச் சேர்ந்த தோட்டக்கலை வல்லுநர் ஆவார். உதகமண்டலம் அரசுத் தாவரவியல் பூங்காவை வடிவமைத்தவர் என்றே இவர் பெரும்பாலும் அறியப்படுகிறார். எனினும் நீலகிரி மலைகளில் சிங்கோனா மரத்தை வேரூன்றச் செய்ததே இவருடைய முதன்மையான பணி எனலாம். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா இம்மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கிறது. ஒழுங்கற்ற இதயத்துடிப்பைச் சீராக்கப் பயன்பட்ட முதல் மருந்துகளுள் ஒன்றான குயினிடினும் இதே பட்டையில்தான் உள்ளது. இவ்விரண்டாவது பயன் மெக்ஐவருக்குத் தெரியாது. அது உறுதி செய்யப்பட்டபோது அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

தொடக்க வாழ்க்கை

மெக்ஐவர் இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவில் பணிபுரிந்தார். 1847 இல் பிரித்தானியாவின் ஈரற்பூண்டுகளைப் பற்றிய ஒரு தொகுப்பை வெளியிட்டார். ஈரற்பூண்டுகள் பாசங்களுக்கு நெருங்கிய சிறு தாவரங்கள். பாசத்தோடு இவருக்கிருந்த இப்பழக்கம் பிற்காலத்தில் எதிர்பாராத வகையில் கைகொடுத்தது.

1848 இல் சென்னை மாகாண அரசு இவரை உதகமண்டலத்துக்கு வரவழைத்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் சந்தா செலுத்தி ஒரு காய்கறித் தோட்டம் நடத்தி வந்தனர். தொட்டபெட்டாச் சிகரத்தின் கீழ்ச் சரிவில், மேற்பகுதியில் காடும் கீழ்ப்பகுதியில் சதுப்பும் இருந்த நிலத்தை அடுக்கடுக்கான பூங்காவாக மாற்றும் பணி மெக்ஐவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணி முடியப் பல ஆண்டுகள் ஆயின.

சிங்கோனா நடவு

தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைகளைத் தாயகமாகக் கொண்ட சிங்கோனாவை இந்தியாவில் பயிரிட பிரித்தானிய அரசு முடிவு செய்தது. இதற்காகக் கிளமென்ட்சு மார்க்கம் 1860 இல் பெரு நாட்டுக்குச் சென்றார். அவர் தாமே சேகரித்து வந்த கன்றுகள் பயணத்தின் வெப்பத்தில் அழிந்துபோயின. எக்குவடோரில் ரிச்சர்டு சுப்ரூசு சேகரித்த செம்பட்டை இனக் கன்றுகளை இராபர்ட் கிராசு என்ற தோட்டக்காரர் 1861 ஏப்ரலில் உதகமண்டலத்தில் கொண்டுவந்து சேர்த்தார். விதைகளும் தனியே வந்து சேர்ந்தன. இவற்றைப் பெருக்கும் பொறுப்பு மெக்ஐவருக்குக் கிடைத்தது.

இருக்கும் ஒவ்வொரு கன்றிலிருந்தும் போத்துகள் எடுத்துக் கண்ணாடிக் கூடங்களில் வேர்விடச் செய்து, சில ஆண்டுகளிலேயே தொட்டபெட்டா, நடுவட்டம், பைக்காரா ஆகிய இடங்களில் பெருந்தோட்டங்களை அவர் உருவாக்கினார். 1863 இல் சிங்கோனா வளர்ப்பைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

பட்டைக்காக மரத்தை வெட்டினால் மரம் போய்விடும். மெக்ஐவர் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார். நிற்கும் மரத்திலிருந்து பட்டையைக் குறுகிய கீற்றுகளாக, இடைவெளி விட்டு உரித்தார். உரித்த இடத்தை ஈரப் பாசத்தால் மூடிக் கட்டினார். பாசத்தின் அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. பழைய பட்டையை விடப் புதுப் பட்டையில் கொயினா கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் காட்டின.

இத்தோட்டங்களின் வரலாற்றில் எளிதில் கடந்துவிடக் கூடாத ஒரு பகுதி உண்டு. சோலைக் காடுகளை அழித்தே இவை அமைக்கப்பட்டன. கூலியாட்கள் போதாமையால் கைதிகள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் அவர்களுள் இருந்தனர். விடுதலைக்குப் பின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறிக் காய்கறியும் காப்பியும் பயிரிட்டனர். இக்குடும்பங்களைப் பற்றி எட்கர் தர்சுடன் பின்னர் எழுதியுள்ளார்.

நான்கு மருந்துகளின் சோதனை

சிங்கோனாப் பட்டையில் கொயினா மட்டும் இல்லை. குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் ஆகிய ஆல்கலாய்டுகளும் உள்ளன. நீலகிரியில் மிகுதியாகப் பயிரான செம்பட்டை இனத்தில் மொத்த ஆல்கலாய்டு அளவு மிகுதி, கொயினாவின் பங்கு குறைவு. எனவே மற்ற மூன்றும் காய்ச்சலைத் தீர்க்குமா என்ற கேள்வி தோட்டங்களின் வருங்காலத்தையே தீர்மானிப்பதாக இருந்தது. மலேரியாவால் வாடிய ஏழைகளுக்கு மலிவான மருந்து கிடைப்பதும் இதைப் பொறுத்திருந்தது.

1866 முதல் 1868 வரை சென்னை சிங்கோனாக் குழு இந்நான்கையும் ஏறத்தாழ 3,600 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. பதிவு செய்யப்பட்ட தொடக்க கால மருந்துச் சோதனைகளுள் இது ஒன்று. நான்கும் 98 விழுக்காட்டுக்கு மேல் குணமளித்தன. 1866 இலேயே ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளர் உதகமண்டலத்தில் அரசின் கொயினா ஆய்வாளராக அமர்த்தப்பட்டார்.

சோதனையின் அளவுகோல் காய்ச்சல் நின்றதா என்பது மட்டுமே. ஆகவே குயினிடின் சென்னை மாகாண நோயாளிகளின் உடலுக்குள் சென்றும் இதயத்தின் மீது அதற்கிருந்த ஆற்றல் வெளிப்படவில்லை. இதில் எவரையும் குறைகூற இயலாது. இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாக வரையும் கருவியே அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. மெக்ஐவர் 1876 இல் காலமானார்.

இதயத்துடிப்பும் சிங்கோனாவும்

சிங்கோனாவை நீடித்த படபடப்புக்குக் கொடுக்கலாம் எனப் பிரெஞ்சு மருத்துவர் செனாக் 1749 இலேயே எழுதியிருந்தார். அது மறக்கப்பட்டது. 1785 இல் வில்லியம் வித்தரிங் விளக்கிய டிஜிட்டாலிசு மருந்தே பரவலாயிற்று. மேலறை நடுக்கம் என்னும் நோயில் இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் துடிதுடிக்கும், நாடி தாறுமாறாகும். டிஜிட்டாலிசு இந்நோயில் நாடியின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் ஒழுங்கை மீட்டுத் தராது.

1912 இல் டச்சு மருத்துவர் வெங்கபாகிடம் இந்நோயுள்ள ஒரு வணிகர் வந்தார். நோயைத் தீர்க்க இயலாது என மருத்துவர் கூற, தன்னால் இயலும் என்றார் வணிகர். மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றார். அவர் உட்கொண்டது ஒரு கிராம் கொயினா. வெங்கபாக் மற்ற நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார். மிகச் சிலரிடமே பலித்தது. 1914 இல் தம் நூலில் இதை எழுதினார். 1918 இல் வால்டர் பிரை சிங்கோனா ஆல்கலாய்டுகளை ஒப்பிட்டு, குயினிடினே சிறந்தது எனக் கண்டறிந்தார். சென்னையில் காய்ச்சலுக்குச் சோதித்தபோது நான்கும் சமமாகத் தோன்றின, இதயத்தில் வேறுபட்டன.

கொயினாவிலும் குயினிடினிலும் அணுக்கள் ஒன்றே: 20 கார்பன், 24 ஐதரசன், 2 நைட்ரசன், 2 ஆக்சிசன். அவை வெளியில் அமைந்துள்ள திசையில்தான் வேறுபாடு. குயினிடின் இதயத் தசைக்குள் சோடியம் நுழையும் வழியை ஓரளவு அடைத்து, ஒரு துடிப்புக்குப் பின் தசை அடுத்த தூண்டலை ஏற்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. வட்டமிடும் தவறான தூண்டல்கள் இதனால் அடங்குகின்றன. இதே தன்மை சிலரிடம் உயிருக்கு ஆபத்தான வேறொரு துடிப்புக் கோளாற்றை உண்டாக்கி மயக்கமோ மரணமோ விளைவித்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இதன் பயன்பாடு பெரிதும் குறைந்தது. புருகாடா நோய்க்கூட்டறி போன்ற அரிய நோய்களுக்கு இன்றும் இது கொடுக்கப்படுகிறது.

குயினிடினுக்குத் தேவை எழுந்தபோது உலகின் சிங்கோனாப் பட்டையில் பெரும்பகுதி டச்சுக்காரர் ஆண்ட யாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொயினா மிகுந்த வேறோர் இனத்தை அவர்கள் பயிரிட்டிருந்தனர். நீலகிரியின் சிங்கோனாத் தோட்டங்கள் பலவற்றில் பின்னர் தேயிலை நடப்பட்டது. கைதிகள் அடைக்கப்பட்டிருந்த சிறைக் கட்டிடம் நடுவட்டத்தில் இன்றும் உள்ளது.