வைத்தியர் ரிச்சர்டு பிரைட்

இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகரில் 1789ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி, செல்வம் மிக்க குடும்பமொன்றில் பிறந்தவர் ரிச்சர்டு பிரைட். இவர் எடின்பரோ சர்வகலாசாலையில் 1813இல் வைத்தியப் பட்டம் பெற்று, 1820இல் இலண்டன் மாநகரத்துக் கைஸ் வைத்தியசாலையில் பணியேற்றார்.

உடலில் நீர் கோத்து வீங்குதலைத் தனி நோயென்றே அந்நாளில் பலரும் கருதியிருந்தனர். பிரைட்டோ அதன் மூலத்தைத் தேடினார். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவர்த்திச் சுடரிற் காய்ச்சுவார். அது முட்டை வெண்கருவைப் போல் உறையுமாயின் குறித்துக்கொள்வார். அத்தகையோர் இறந்தபின் உடலை அறுத்துச் சோதிக்குங்கால், அவர்தம் சிறுநீரகங்கள் கெட்டிருக்கக் கண்டார். இவ்வுண்மையை வண்ணப் படங்களுடன் 1827இல் நூலாக வெளியிட்டார். அந்நோய் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1842இல் இந்நோயாளர்க்கென்றே 42 படுக்கைகள் கைஸ் வைத்தியசாலையில் ஒதுக்கப்பெற்றன.

நோய் முதிருந்தோறும் முகத்தின் செம்மை மங்குவதையும் பிரைட் 1836இல் எழுதி வைத்தார். 1839இல் எடின்பரோ வைத்தியர் ராபர்ட் கிறிஸ்டிசன், இந்நோயாளரின் இரத்தத்திற் செந்நிறப் பகுதி பெரிதும் குன்றுவதைக் காட்டினார். காரணத்தை இருவரும் அறிந்திலர். அக்கால வழக்கத்தை ஒட்டிப் பிரைட்டும் இந்நோயாளரின் இரத்தத்தை வெளியேற்றியே சிகிச்சை செய்தார். குருதி குன்றியவரிடமிருந்தே மேலும் குருதி வாங்குதல் சோகையை வளர்க்கும் என்பதை இன்று நாம் அறிவோம். பேரறிஞரும் தம் காலத்தின் எல்லையைக் கடத்தல் அரிது போலும்! 1858ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி பிரைட் இதய நோயால் இறந்தார்.

அவர் கண்ட வெளுப்பின் காரணம் பிற்காலத்திலேயே விளங்கிற்று. சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் என்னும் சுரப்பை உண்டாக்கி, எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் செவ்வணுக்களைப் பெருக்குவிக்கின்றது. சிறுநீரகம் கெடின் அத்தூண்டுதல் குன்றும். ஹாலந்து வைத்தியர் கோல்ஃப் 1943இல் அமைத்த செயற்கைச் சிறுநீரகம் இரத்தத்தின் கழிவை நீக்கிற்றேயன்றிச் சோகையைத் தீர்க்கவில்லை. ஆதலின் அவ்வியந்திரத்தால் உயிர் வாழ்ந்தோர் பலர் பிறர் இரத்தத்தை அடிக்கடி ஏற்க வேண்டியவராயினர். 1977இல் சிகாகோவில் கோல்ட்வாசர் குழுவினர் அச்சுரப்பைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர்; அதற்கு மூலமாய் நின்றது சோகை நோயாளரிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரே. 1989இல் அமெரிக்க அரசாங்கம் அதனை ஊசிமருந்தாக அங்கீகரித்தது. இரும்புச்சத்தும் உடன் வேண்டும். மிகையாகக் கொடுப்பின் இரத்தம் உறைந்து பக்கவாதம் நேரக்கூடுமாதலின், அளவறிந்தே அளிக்கின்றனர்.

மாணவ நண்பர்களே! தாம் கண்ட வெளுப்பைத் தீர்க்கும் மருந்து பிரைட்டிடம் இல்லை. எனினும், கண்டதைக் கண்டபடியே எழுதிவைத்தார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பிறர் அதற்கு மருந்து கண்டனர். நம் நோட்டுப் புத்தகங்களிலும் அத்தகைய உண்மை நிலவுவதாக.