வரியும் தாலியும்: தில்லையாடி வள்ளியம்மை



தில்லையாடி வள்ளியம்மை என்ற பேரை நம்மில் கேட்காதவங்க குறைவு. காந்தியோட போராட்டத்துல ஜெயிலுக்குப் போனவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எந்தச் சட்டத்தை மாற்றப் போனார் என்பதையும் நாம தெரிஞ்சுக்கணும்.

வள்ளியம்மை 1898-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். பிழைப்புக்காகப் போன தமிழ்க் குடும்பம். பூர்வீகம் தரங்கம்பாடி பக்கம் உள்ள தில்லையாடி.

1860 முதலே நம்ம ஜனங்களை 5 வருஷ ஒப்பந்தத்தில் கப்பலேற்றி, நேட்டால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை வாங்கினார்கள். 1895-ல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்பணும், அல்லது மறுபடி ஒப்பந்தம் போடணும். இரண்டும் இல்லாமல் அங்கேயே இருந்தால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி. பிறகு 16 வயசுப் பையனுக்கும் 13 வயசுப் பெண்ணுக்கும்கூட அந்த வரி வந்தது.

குழுக் கணக்கு மாதிரிப் போட்டுப் பாருங்க. வீட்டில் நாலு பேர் என்றால் 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். கூலிக்காரர் சம்பாத்தியமோ மாசம் 14 ஷில்லிங் அளவுதான். ஒரு வருஷ உழைப்பு முழுக்கப் போட்டாலும் வரிக்கே பத்தாது.

1913 மார்ச்சில் அடுத்த அடி விழுந்தது. கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவும் செய்யாத கல்யாணம் செல்லாது என்று கேப் மாகாண நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தாலி கட்டின மனைவிக்குச் சட்டத்தில் இடமில்லை, பிள்ளைகளின் வாரிசு உரிமையும் கேள்விக்குறி.

அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் கிளம்பினார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டி, வேண்டுமென்றே சட்டத்தை மீறினார்கள். நியூகாசில் சுரங்கத் தொழிலாளிகளிடம் பெண்கள் போய்ப் பேச, ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

வள்ளியம்மை குடும்பம் இருந்தது டிரான்ஸ்வாலில். நேட்டால் வரி அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. ஆனாலும் தாயோடு சேர்ந்து போராட்டத்துக்குப் போனார். 3 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டது. முன்னதாக விடுதலை தருவதாகச் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். பார்க்க வந்த காந்தியிடம், மறுபடியும் சிறைக்குப் போகத் தயார் என்றே சொன்னார். 1914 பிப்ரவரி 22-ல் கண்மூடினார். வயசு 16.

அதே வருஷம் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுண்டு வரி ஒழிந்தது. நம் முறைக் கல்யாணத்துக்கும் சட்டத்தில் மதிப்புக் கிடைத்தது. எல்லாமே கிடைத்துவிடவில்லை, மாகாணம் விட்டு மாகாணம் போகும் தடை பல காலம் நீடித்தது. ஆனாலும் கூலி வேலைக்குப் போன குடும்பங்கள் கடன்படாமல் அங்கே வேரூன்ற வழி பிறந்தது.

இன்றைக்கும் நம்ம வீட்டு ஆண்களும் பெண்களும் வெளிமாநிலம், வளைகுடா என்று வேலைக்குப் போகிறார்கள். நம்ம மாநிலத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணப் பதிவு கட்டாயம். பதியாதவங்க பதிஞ்சிடுங்க. வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். காகிதம் இல்லாத குடும்பத்தைச் சட்டம் எப்படி நடத்தும் என்பதை வள்ளியம்மை காலத்துப் பெண்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். நாம் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும்.