பழைய வண்டியில் பறந்த பெரியவர்

உலகில் சாதனை புரிந்தவர்கள் பலர். அவர்களுள் செல்வம் படைத்தோர் உண்டு. பெரிய நிறுவனங்களின் துணையைப் பெற்றோரும் உண்டு. ஆனால் கையில் பணமில்லை, பட்டமில்லை, இளமையும் கடந்துவிட்டது என்ற நிலையிலும், கடைத்தெருவில் எவரும் வாங்கக்கூடிய ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டு உலகை வியக்க வைத்தவர் ஒருவர் உண்டு. அவரே நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த பர்ட் மன்றோ. அவருடைய வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் நகரில் மன்றோ பிறந்தார். ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ என்பது அவரது முழுப்பெயர். அவருடன் இரட்டையாகப் பிறந்த சகோதரி பிறப்பிலேயே இறந்துவிட்டாள். இந்தக் குழந்தையும் இரண்டு வயதுக்கு மேல் பிழைக்காது என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் கூறினர். அவர்கள் குறித்த கெடுவைத் தாண்டி மேலும் 76 ஆண்டுகள் வாழ்ந்து காட்டினார் மன்றோ.

எடன்டேல் என்னும் ஊரில் அவர்களுக்கு ஒரு பண்ணை இருந்தது. வீட்டிலிருந்த குதிரைகளில் மிக வேகமானதைத் தேர்ந்தெடுத்து, அதில் ஏறி வயல்வெளியில் பறப்பதே சிறுவன் மன்றோவின் பொழுதுபோக்கு. தந்தையார் கண்டித்தும் பயனில்லை. மோட்டார் வண்டிகளும் ஆகாய விமானங்களும் புதிதாகத் தோன்றிய காலம் அது. அவற்றைக் கண்ட சிறுவனின் மனம் பண்ணைக்கு வெளியே ஓடியது.

வாழ்நாள் தோழன்

1920ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில், மன்றோ ஒரு புதிய மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதன் பெயர் இந்தியன் ஸ்கவுட். இப்பெயரைக் கேட்டதும் அது நம் நாட்டு வண்டியோ என்று எண்ணத் தோன்றும். அப்படி அல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கிய இந்தியன் என்னும் கம்பெனியின் தயாரிப்பு அது. அங்குள்ள பழங்குடி மக்களைக் குறித்து வைத்த பெயரே அது.

அது பந்தயத்திற்காகச் செய்த வண்டி அன்று. சாலையில் சென்று வருவதற்கான சாதாரண வண்டி. அதன் என்ஜின் 600 சி.சி. கொள்ளளவு உடையது. மணிக்கு 55 மைல், அதாவது ஏறக்குறைய 88 கிலோமீட்டர், அதன் உச்ச வேகம். இந்த வேகம் மன்றோவுக்குப் போதவில்லை. வேறு வண்டி வாங்கவோ வசதியில்லை. ஆகவே 1926ஆம் ஆண்டு முதல் அந்த வண்டியையே தம் கையால் திருத்தத் தொடங்கினார். அன்று தொடங்கிய வேலை அரை நூற்றாண்டு அளவும் நீடித்தது.

இங்கே நம் பௌதிகப் பாடத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். வண்டி வேகமாகச் செல்லச் செல்லக் காற்று அதை எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை வெல்ல என்ஜினின் திறன் எட்டு மடங்காக வேண்டும். எனவே 55 மைல் வண்டியை 110 மைல் ஓடச் செய்வதே பெரிய காரியம். அதற்கு மேல் ஒவ்வொரு மைலும் மலை ஏறுவது போன்றது.

பட்டறையில் பிறந்த பாகங்கள்

மன்றோ மோட்டார் சைக்கிள் விற்பவராகவும் பழுது பார்ப்பவராகவும் வேலை செய்தார். பகலெல்லாம் பிழைப்புக்கான உழைப்பு. இரவெல்லாம் தம் வண்டியோடு உழைப்பு. பல நாட்கள் விடிய விடியப் பட்டறையில் இருந்துவிட்டு, அப்படியே காலையில் வேலைக்குச் செல்வாராம்.

அவர் பயன்படுத்திய பொருள்களை அறிந்தால் வியப்பாக இருக்கும். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து, உலோகத்தை உருக்கி ஊற்றிப் பாகங்கள் வார்த்தார். பிஸ்டன்களைத் தாமே செய்தார். பழைய எரிவாயுக் குழாயிலிருந்து சிலிண்டர் செய்தார். டிராக்டரின் அச்சுத்தண்டை அராவி, பிஸ்டனைத் தாங்கும் தண்டுகளாக்கினார். டயர்களின் மேற்பரப்பைக் கத்தியால் சீவி வழவழப்பாக்கினார். நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டருக்குப் பதிலாக ஒரு பழைய சக்கரக் கம்பியே அவருக்கு அளவுகோலாயிற்று!

இப்படிச் செய்த பாகங்கள் அடிக்கடி உடைந்தன. பல மாதம் உழைத்துச் செய்த என்ஜின் சில நொடிகளில் நொறுங்கியதும் உண்டு. மன்றோ அவற்றைத் தூக்கி எறியவில்லை. தம் பட்டறையில் ஓர் அலமாரித் தட்டில் வரிசையாக அடுக்கி, இவை வேகத்தின் தெய்வத்திற்குக் காணிக்கை என்ற பொருளில் வேடிக்கையாக எழுதி வைத்தார். ஏன் உடைந்தது என்று ஆராய்ந்து, அடுத்த பாகத்தை இன்னும் உறுதியாகச் செய்தார்.

இன்வர்கார்கிலுக்கு அருகில் ஓரெட்டி கடற்கரை இருக்கிறது. நீண்டு கிடக்கும் அந்தக் கெட்டியான மணற்பரப்பே அவருடைய சோதனைச் சாலை. 1938ஆம் ஆண்டு நியூசிலாந்து நாட்டு வேகச் சாதனை ஒன்றை முதன்முதலாக நிகழ்த்தினார். பின்னர் மேலும் ஏழு சாதனைகள் தொடர்ந்தன.

ஆனால் எந்தப் பெரிய ஆசைக்கும் ஒரு விலை உண்டு. 1927இல் திருமணம் செய்து நான்கு குழந்தைகளுக்குத் தந்தையான மன்றோவின் இல்வாழ்க்கை 1947இல் மணமுறிவில் முடிந்தது. பின்னர் வேலையையும் விட்டு, வண்டியே கதியென்று பட்டறையில் தனியே வாழ்ந்தார். அவருடைய புகழைப் பாராட்டும்போது இந்தத் துன்பத்தையும் நாம் மறத்தல் ஆகாது.

உப்புப் பாலைவனம்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்னும் உப்பு வெளி உள்ளது. மிகப் பழங்காலத்தில் அங்கிருந்த பெரிய ஏரி வற்றிப்போய், உப்பு மட்டும் எஞ்சியது. குளிர்காலத்தில் அதன்மீது நீர் தேங்குகிறது. கோடையில் நீர் வற்றியதும் தரை கண்ணாடிபோல் சமமாகிவிடுகிறது. மரமில்லை, மேடு பள்ளமில்லை, குறுக்கே நடப்பார் யாருமில்லை. 1935ஆம் ஆண்டு சர் மால்கம் கேம்பெல் மணிக்கு 300 மைலுக்கு மேல் கார் ஓட்டியது இங்கேதான்.

கேம்பெல் போன்றோர் பெரும் பொருட்செலவில் தனிவண்டி செய்து வந்தவர்கள். சாதாரண மக்களுக்கும் இவ்விடம் திறந்தது 1949ஆம் ஆண்டில். கலிபோர்னியாவில் 1937இல் தோன்றிய ஒரு சங்கத்தினர் அவ்வாண்டு முதல் இங்கே வேக வாரம் நடத்தத் தொடங்கினர். தெருவில் ஓட்டும் சொந்தக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் திருத்திக்கொண்டு இளைஞர்கள் இங்கே வந்தனர்.

இங்கே ஒருவரோடு ஒருவர் மோதும் பந்தயம் இல்லை. ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும். அளந்து குறித்த மைலை எத்தனை நொடியில் கடக்கிறார் என்று கருவிகள் கணக்கிடும். என்ஜினின் அளவுக்கும் வண்டியின் வகைக்கும் ஏற்பத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆகையால் சிறிய வண்டி வைத்திருப்பவரும் தம் பிரிவில் சாதனை புரியலாம். ஓடுமுன் டயர், பிரேக், தலைக்கவசம், உடை அனைத்தையும் சோதிக்கிறார்கள். புதிதாக வருபவர் எடுத்த எடுப்பில் உச்ச வேகத்தில் செல்ல அனுமதியில்லை; படிப்படியாகவே வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒரே ஓட்டத்தில் சாதனை கிட்டிவிடாது. இரண்டு ஓட்டங்களின் சராசரியே சாதனையாகும். பரிசுப் பணமோ கிடையாது. பதிவேட்டில் பெயர் ஏறுவது ஒன்றே பரிசு.

மூன்று சாதனைகள்

மன்றோ பத்து முறை பான்வில் சென்றார். முதல் முறை வெறும் பார்வையாளராக. மற்ற ஒன்பது முறையும் வண்டி ஓட்டுவதற்காக. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கடல் கடந்து வந்தார். இதய வலி உள்ளவர் என்று மருத்துவர்கள் கண்டறிந்திருந்தும் அவர் பயணத்தை நிறுத்தவில்லை.

1962ஆம் ஆண்டு, 63 வயதில், தம் பிரிவில் மணிக்கு ஏறக்குறைய 179 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை நிகழ்த்தினார். அப்போது என்ஜினை 850 சி.சி. அளவுக்குப் பெருக்கியிருந்தார். 1966இல் 1000 சி.சி. பிரிவில் 168 மைல் வேகத்தில் இரண்டாம் சாதனை. 1967இல் மூன்றாவது சாதனை. அப்போது அவருக்கு வயது 68. வண்டிக்கு வயது 47. காற்றைக் கிழித்துச் செல்வதற்காக மீன் வடிவில் ஒரு கூடு செய்து வண்டிக்குப் போர்த்தியிருந்தார். 600 சி.சி. என்ஜின் 950 ஆகியிருந்தது. தகுதி பெறுவதற்கான ஓட்டமொன்றில் மணிக்கு 190 மைல், அதாவது ஏறக்குறைய 306 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார்.

ஆபத்தும் உடன் வந்தது. ஓர் ஓட்டத்தில் வண்டி பயங்கரமாக ஆடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க அவர் உடலை நிமிர்த்தியபோது, காற்று அவர் கண்ணாடியைப் பிடுங்கிச் சென்றது. கண் தெரியவில்லை. வண்டியைச் சாய்த்து உப்புத் தரையில் சறுக்கி உயிர் தப்பினார். அவ்வளவு வேகத்திலும் அவருக்குப் பெருங்காயம் ஏற்படவில்லை.

கணக்கில் ஒரு திருத்தம்

1978ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், 78ஆம் வயதில் மன்றோ காலமானார். ஆனால் அவர் கதை அத்துடன் முடியவில்லை.

1967ஆம் ஆண்டின் சாதனையை 183.586 மைல் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் பதிவேடு குறித்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. 2014ஆம் ஆண்டு அவருடைய மகன் கணக்கைப் போட்டுப் பார்த்தார். வடக்கு நோக்கிய ஓட்டம் 184.710, தெற்கு நோக்கிய ஓட்டம் 183.463. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 184.087 அல்லவா வருகிறது! தவற்றை எடுத்துக் கூறியதும் சங்கம் ஒப்புக்கொண்டு திருத்தியது. இறந்து 36 ஆண்டுகள் கழித்து மன்றோவின் வேகம் அரை மைல் கூடிற்று. நம்மில் யார் வேண்டுமானாலும் போடக்கூடிய இந்தச் சராசரிக் கணக்கு, ஒரு மனிதருக்கு உரிய பெருமையை மீட்டுத் தந்தது.

2005ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கை திரைப்படமாக வந்தது. ஆந்தனி ஹாப்கின்ஸ் மன்றோவாக நடித்தார். 2006ஆம் ஆண்டு அதே அமெரிக்கச் சங்கம் புகழ்பெற்றோர் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது.

நாம் கற்கும் பாடம்

அன்புத் தோழியரே! மன்றோவின் வாழ்வு நமக்குச் சொல்வது, சாலையில் வேகமாகச் செல்லுங்கள் என்பதன்று. வேகத்திற்கென ஓர் இடமும் விதியும் உண்டு. தெருவில் அந்த வேகம் பிறர் உயிருக்கு எமனாகும். அவர் வாழ்வு கூறும் பாடம் வேறு. நல்ல கருவி கிடைத்தால் செய்வேன், வசதி வந்தால் படிப்பேன் என்று காத்திருப்பவர்கள் பலர். மன்றோ காத்திருக்கவில்லை. கையிலிருந்த வண்டியிலேயே தொடங்கினார். உடைந்ததைக் கண்டு சோராமல், உடைந்த காரணத்தைத் தேடினார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கு 55இலிருந்து 184 வரை ஏறிய அந்தப் பழைய வண்டியே சாட்சி.

நம் கையில் இருப்பது பழைய புத்தகமாக இருக்கலாம். தேய்ந்த பென்சிலாகவும் இருக்கலாம். அதைக் கொண்டு இன்றே தொடங்குவோம்.