லயன் வாசலுக்கு வராத நூலகம்: எஸ்.ஆர். ரங்கநாதனைக் கண்டியிலிருந்து நினைத்தல்

கண்டி வாவியோரத்தில், தலதா மாளிகைக்கு அருகில், ஒரு சிறிய பழைய கட்டடம் நிற்கிறது. உல்பென்கே என்பார்கள். கண்டி அரசிகள் நீராடிய மண்டபம் அது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன பின்னர் அவர்கள் அதை நூலகமாக மாற்றினார்கள். யுனைடெட் சேர்விஸ் நூலகம் என்பது அதற்கு வைத்த பெயர். அரசாங்க சேவையில் இருந்தவர்களுக்கானது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. மலைச்சரிவுகளில் காடு வெட்டிக் கோப்பி நட வந்த தமிழ்த் தொழிலாளர்களை மனதில் வைத்து அந்தப் பெயரை யாரும் சூட்டியிருக்க மாட்டார்கள்.

நூலகம் யாருக்கு என்ற இந்தக் கேள்விக்காகவே தன் வாழ்நாளைச் செலவிட்டவர் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன். நூலகவியல் படிப்பவர்களுக்கு அவர் ஒரு பாடம். எனக்கோ, கண்டியைச் சுற்றியுள்ள சிறு நூலகங்களுக்குப் போய்வரும்போதெல்லாம் அவரது வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. வடக்கிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் அவர் அந்நியரல்ல. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ரங்கநாதன் 1892 ஓகஸ்டில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தார். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து மக்கள் கங்காணிமாரின் பின்னால் மலையகத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே மண்ணிலிருந்து ஒரு பகுதியினர் இங்கே தேயிலைக்கு வந்தார்கள். அவரைப் போன்ற சிலருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பேச்சில் திக்கல் இருந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, 1916இல் முதுகலைப் பட்டம் பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராக இருந்தார்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகராக நியமிக்கப்பட்டார். அந்த வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாணவர்கள் நிறைந்த வகுப்பறையிலிருந்து வந்தவருக்கு ஆளில்லாத அறையும் அடுக்கிய புத்தகங்களும் தண்டனையாகவே தெரிந்தன. பழைய இடத்துக்கே திரும்பிப் போகக் கேட்டார். முதலில் லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அந்தப் பயணம் அவரை மாற்றிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டே, குரொய்டன் நகர நூலகத்தின் தலைவராக இருந்த பேர்விக் சேயர்ஸின் வழிகாட்டலில், இங்கிலாந்தின் நூலகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கே தொழிலாளி வந்தார், வீட்டுப் பெண் வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். புத்தகம் படித்தவர்களின் சொத்தாக இல்லாமல் ஊரின் பொதுவசதியாக, தண்ணீர்க் குழாயைப் போல, இருக்க முடியும் என்பதை அவர் கண்ணால் கண்டார். 1925இல் சென்னைக்குத் திரும்பியபோது கணிதத்துக்குப் போகும் எண்ணம் அவரிடம் இருக்கவில்லை.

வாசகர்கள் அலுமாரிவரை சென்று தாமே புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் முறையைச் சென்னையில் கொண்டுவந்தார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். விடுமுறை நாட்களிலும் கதவைத் திறந்து வைத்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்னின்றார். 1931இல், அவரை உலகம் அறியச் செய்த ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. அவற்றை என் சொற்களில் சொல்வதானால்: புத்தகம் பயன்படுத்துவதற்கானது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகரைச் சேர வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்.

படிக்கும்போது இவை மிகச் சாதாரணமாகத் தெரியும். ஒரு சிறு நூலகத்தின் வாசலில் நின்று பார்த்தால்தான் கனம் புரியும். கண்டிக்கு மேலே ஹந்தானையிலும், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கங்களிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. இலங்கையின் முதலாவது வர்த்தகத் தேயிலைத் தோட்டமான லூல்கந்துரயும், 1867இல் தொடங்கியது, இந்தப் பக்கத்தில்தான். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் பின்னேரம் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, லயனுக்குப் போகும்போது அலுவலக நேரத்தில் இயங்கும் நூலகம் மூடியிருக்கும். அவருக்கு அது இல்லாத நூலகம். அலுமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பொறுப்பாளர் வைத்திருந்தால் முதல் விதி அங்கேயே முறிந்துபோகிறது. மூன்று மொழி பேசும் இந்த மாவட்டத்தில் ஒரு கிராம நூலகத்தின் தமிழ்ப் பகுதி ஒரே தட்டில் அடங்கிவிட்டால் இரண்டாவது விதி முறிகிறது.

ரங்கநாதன் கிராமங்களை மறந்தவரல்ல. நூலகம் மக்களைத் தேடிப் போக வேண்டும் என்பது அவர் ஓயாமல் சொல்லிவந்த கருத்து. 1931 ஒக்டோபரில், மன்னார்குடிக்கு அருகேயுள்ள மேலவாசலில், பொறியியலாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியை நூலகமாக மாற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். தஞ்சாவூர் மண் சாலையில் புத்தகம் ஏற்றிய வண்டி ஊர் ஊராகப் போனது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களையும் ரங்கநாதன் வாசகர் கணக்கிலிருந்து விலக்கவில்லை. அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் நூலகத்தின் கடமை என்றே கருதினார். யாழ்ப்பாணக் கிராமங்களின் வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்ட பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

ஆனால் நல்ல மனம் படைத்த ஒருவரின் வண்டியை நம்பி ஒரு நாடு வாசிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த மனிதர் களைத்துப்போனால் வண்டி நின்றுவிடும். ஆகவே நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும் என்று வாதாடினார். 1930இல் பனாரஸில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். சென்னை மாகாணத்தில் அது சட்டமாக 18 ஆண்டுகள் பிடித்தன. 1948இல் அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது மதராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலித்து, அந்தப் பணத்தை நூலகத்துக்கே செலவிடும் ஏற்பாடு அதில் இருந்தது. சுதந்திர இந்தியாவில் இவ்வாறான முதல் சட்டம் அதுதான்.

அந்த 1948ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றமும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. குடியுரிமைச் சட்டம். அதனால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினர் நாடற்றவர்களாகி, அடுத்து வாக்குரிமையையும் இழந்தார்கள். ரங்கநாதனின் ஊர்க்காரர்களுக்கு நூலகம் உரிமையாகிய ஆண்டிலேயே, அதே ஊர்களிலிருந்து இங்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஊரே இல்லாமல் போனது. வாக்கில்லாதவருக்கு உள்ளூராட்சி இல்லை. உள்ளூராட்சி இல்லாதவருக்குப் பொது நூலகமும் இல்லை.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். 1933இல் க.மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு இரவல் நூலகம், 1934 ஓகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு மாறியது. அப்போது இருந்தவை 844 புத்தகங்களும் 36 பத்திரிகைகளும். அடுத்த ஆண்டு நகரசபை அதைப் பொறுப்பேற்றது. பின்னர் பெரிய கட்டடம் எழுப்பத் தீர்மானித்தபோது, சென்னைக் கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மன் வரைபடம் வரைய, நூலக அமைப்புக்கு ஆலோசகராக இருந்தவர் ரங்கநாதன். 1953இல் அடிக்கல் நாட்டி, 1959இல் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கி அந்த நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ரங்கநாதன் அதைப் பார்க்க உயிரோடு இருக்கவில்லை. 1972 செப்டெம்பர் 27இல் பெங்களூரில் காலமாகியிருந்தார்.

அந்த இழப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், எழுதத்தான் வேண்டும். அதனுடன் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1977, 1981, 1983 வன்முறைகளில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. இறுதிப் போரில் வன்னியில் அகப்பட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். எரிப்பதற்கு ஒரு நூலகம்கூட அவர்கள் பிறந்த லயன்களில் இருக்கவில்லை. இருந்ததை இழப்பது ஒரு துயரம். இழப்பதற்கே எதுவும் தரப்படாதது இன்னொரு துயரம். இரண்டும் ஒரே மக்களின் கதைதான்.

குடியுரிமை திரும்பக் கிடைத்த பிறகும் இந்த விலக்கு முடியவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். ஆனால் சபையின் சேவை லயன் வாசல்வரை வர வழியில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. வீதி, குடிநீர், விளக்கு பற்றியே அப்போது அதிகம் பேசினோம். சபையின் சேவைகளில் நூலகமும் ஒன்று என்பது அந்தப் பேச்சில் பின்தங்கிவிட்டது.

ரங்கநாதனின் வாழ்க்கையிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் இதுதான். நூலகத்தை நன்கொடையாகக் கேட்கக்கூடாது. உரிமையாகக் கேட்க வேண்டும். அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மாலையிலும் ஞாயிறிலும் திறக்கும் ஓர் அறை, பூட்டில்லாத அலுமாரி, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொறுப்பாளர், தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு பெட்டிப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு போக ஓர் ஓட்டோ. மாட்டு வண்டியில் முடிந்தது ஓட்டோவில் முடியாதா? அந்த அறையில் விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கவும் வழக்குக் கடிதத்தை வாசித்துச் சொல்லவும் ஒருவர் இருந்தால் வாசிக்கத் தெரியாத பாட்டியும் வருவார். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து, மலையக எழுத்துகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணினியும் இணைப்பும் இருந்தால், தட்டில் இல்லாத புத்தகத்தையும் அந்த அறையில் திறந்து காட்டலாம்.

பனாரஸ், டெல்லி, சூரிச் என்று வேலை பார்த்தபின், தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாவை நூலகவியல் கல்விக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார் ரங்கநாதன். 1957இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1962இல், எழுபது வயதில், பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஓகஸ்ட் 12ஐ இந்தியா நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது.

இவ்வளவு மரியாதையும் அவருக்குத் தகும். ஆனால் அவரை நினைவுகூரக் கண்டிப் பக்கத்தில் ஒரு காரியம் போதும். உங்கள் பிரதேச சபையின் அடுத்த வரவுசெலவுத் திட்டம் வரும்போது, தோட்டப் பிரிவுகளின் நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உறுப்பினரிடம் கேளுங்கள். பதில் பூச்சியமாக இருந்தால், அடுத்த வருடமும் கேளுங்கள். ரங்கநாதன் 18 வருடங்கள் கேட்டார்.