குடியை வென்ற வைத்தியர் டொக்டர் பொப்

ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரம் ஒரு காலத்தில் ரயர் உற்பத்திக்குப் பேர்பெற்றிருந்தது. அந்நகரிலே றொபேட் ஸ்மித் என்றொரு சத்திர சிகிச்சை வைத்தியர் இருந்தார். தொழிலிலே கைதேர்ந்தவர், ஆனால் அந்தக் கை காலையில் நடுங்கும். குடியை விட்டவர்கள் உலகெங்கும் டொக்டர் பொப் என்று அன்போடு நினைவுகூருவது இவரைத்தான்.

அவர் 1879 ஒகஸ்ட் 8இல் வேர்மொன்ற் மாநிலத்திலே பிறந்தார். தந்தை ஒரு நீதவான். பெற்றோர் மிகுந்த கண்டிப்புள்ளவர்கள். கல்லூரி நாட்களிலேயே குடி அவரைப் பற்றிக்கொண்டது. அதனால் மருத்துவப் படிப்பு இடையிலே குழம்பி, 1910இல்தான் பட்டம் பெற்றார். நெடுங்காலம் காத்திருந்த ஆன் என்ற பெண்மணியை 1915இல் மணந்தார்.

1920இல் அமெரிக்கா முழுவதிலும் மதுவிலக்குச் சட்டம் வந்தது. இனிக் குடிக்க வழியிராது என்று அவர் எண்ணினார். ஆனால் மருந்துத் தேவைக்கென வைத்தியர்கள் மதுசாரம் பெறுவதற்குச் சட்டம் இடமளித்தது. நோயைத் தீர்க்க வேண்டியவரின் கைக்கே நோய் வந்து சேர்ந்தது. பகலிலே தூக்க மருந்தால் நடுக்கத்தை அடக்கிக்கொண்டு தொழில் பார்ப்பார், இரவிலே குடிப்பார். நிலக்கரித் தொட்டி, நிலவறை, கதவு நிலையின் மேற்புறம் என்று போத்தல்களை ஒளித்துவைக்காத இடமில்லை. குடிகாரரோடு வாழ்ந்த வீட்டாருக்கு இதெல்லாம் புதுச் செய்தியல்ல. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் கொடுத்த வாக்குறுதிகளுக்குக் கணக்கில்லை. கொடுக்கும்போது அவை உண்மையானவையே, ஒருநாள்கூட நிலைக்கவில்லை.

1933இல் ஒக்ஸ்போட் குழு என்ற ஆன்மீகக் குழுவின் கூட்டங்களுக்கு மனைவியோடு போகத் தொடங்கினார். செபித்தார், வேதாகமத்தை வாசித்தார், நல்லவர்களோடு பழகினார். இரண்டரை ஆண்டுகள் இவ்வாறு சென்றன. குடி மாத்திரம் போகவில்லை. செபம் பயனற்றதென்று இதைக்கொண்டு யாரும் முடிவுகட்டலாகாது. ஆனால் அந்தக் கூட்டத்திலே அவருடைய நோயைத் தம் உடலில் அனுபவித்தறிந்த ஒருவர் அதுவரை இருக்கவில்லை.

அப்படிப்பட்டவர் 1935 மே மாதத்தில் வந்தார். நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குத் தரகரான பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. அக்ரனுக்கு வந்த வியாபார அலுவல் தோல்வியில் முடிந்தது. கையில் பணம் மிகக் குறைவு. ஹோட்டலில் ஒருபுறம் மதுச்சாலையின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. வேறொரு குடிகாரரோடு பேசினாலன்றித் தாமும் விழுந்துவிடுவார் என உணர்ந்து தொலைபேசியை எடுத்தார். மதகுரு ஒருவர் மூலமாகத் தொடங்கிய தேடல், ஹென்றியேற்றா சைபர்லிங் என்ற பெண்மணி வழியாக டொக்டர் பொப்பிடம் வந்து முடிந்தது.

மே 12, அன்னையர் தினம். பதினைந்து நிமிடங்கள் மட்டுமே இருப்பதாகச் சொல்லி, முதல் நாள் குடித்த களைப்போடு வைத்தியர் வந்தார். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய பேச்சு இரவு பதினொன்றுக்குப் பிறகே ஓய்ந்தது. வில்சன் புத்திமதி கூறவில்லை. தாம் பட்டதைச் சொன்னார். அதற்கும் மேலாக, தாம் மீண்டும் குடிக்காதிருக்க வைத்தியரின் உதவி தமக்குத் தேவையென்றார். இதுவரை எல்லோரும் இவரைத் திருத்த வந்தவர்கள். இவரிடம் உதவி கேட்டு வந்த குடிகாரர் இவர் ஒருவரே.

உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. யூன் தொடக்கத்தில் வைத்திய மாநாடொன்றிற்குப் போனவர் புகையிரதத்திலேயே குடிக்கத் தொடங்கி, நினைவிழந்து வீடு திரும்பினார். வில்சனும் ஆனும் அவரைப் பராமரித்தனர். யூன் 10 காலையில் அவர் ஒரு சத்திர சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. கை நடுக்கம் தணிய வில்சன் ஒரு போத்தல் பியர் கொடுத்தார். அதுவே அவர் வாழ்நாளின் கடைசிக் குடி. சிகிச்சை முடிந்தும் நெடுநேரமாக அவரைக் காணாமல் வீட்டார் கலங்கினர். அவரோ கடன்பட்டவர்களையும் மனம்நோகச் செய்தவர்களையும் தேடித்தேடிச் சென்று கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளையே அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்ற சங்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

அம்மாத முடிவில் இருவரும் வைத்தியசாலையொன்றிலே கட்டிலிற் கட்டப்பட்டிருந்த சட்டத்தரணி ஒருவரிடம் சென்றனர். அவர் மூன்றாமவர். அதன்பின் வாரந்தோறும் கூடினர். கட்டணமில்லை, முழுப்பெயர் கேட்பாரில்லை, குடியை விடவேண்டுமென்ற விருப்பம் ஒன்றே போதும். புதிதாக வந்தவருக்குப் பழையவர் தம் கதையைச் சொல்வார். பன்னிரு படிகள் அடங்கிய நூல் 1939 ஏப்ரலில் வெளியாயிற்று.

அந்நாளில் குடிகாரரை ஏற்கும் வைத்தியசாலைகள் அரிது. அக்ரன் சென். தோமஸ் வைத்தியசாலையில் நோயாளரைச் சேர்க்கும் பணியில் இருந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. அயர்லாந்திலே பிறந்தவர், சங்கீத ஆசிரியையாக இருந்து உடலும் மனமும் தளர்ந்ததால் அப்பணிக்கு மாற்றப்பட்டவர். 1939 ஒகஸ்டில் டொக்டர் பொப் அனுப்பிய குடிநோயாளர் ஒருவரை இரைப்பை அழற்சி என்று பதிந்து சேர்த்துக்கொண்டார். நண்பர்கள் வந்து தனிமையிலே பேசுவதற்கென, மலர்களை ஒழுங்குசெய்யும் சிறு அறைக்குள்ளே கட்டிலைத் தள்ளிவிட்டார்! பின்னர் தனி விடுதியே அமைந்தது. வீடு திரும்புபவர் ஒவ்வொருவருக்கும் திரு இருதய அடையாளமொன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிப்பதானால், முதலில் அதைத் தம்மிடம் திருப்பித் தந்துவிட வேண்டுமென்பது நிபந்தனை.

டொக்டர் பொப் ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்தார். 1949இல் ஆன் இறந்தார். புற்றுநோயால் மெலிந்திருந்த வைத்தியர் 1950 யூலையில் கிளீவ்லண்ட் மாநாட்டில் சில நிமிடங்கள் மட்டும் பேசினார். நவம்பர் 16இல் காலமானார். சகோதரி இக்னேஷியா 1952இல் கிளீவ்லண்டிற்கு மாற்றப்பட்டு, அங்கும் அதே பணியைத் தொடர்ந்து, 1966இல் இறைவனடி சேர்ந்தார்.