ஒன்றிணைந்த திருச்சபைக்காக உழைத்த டி. ரி. நைல்ஸ்

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையான அம்பாறைக் கரையோரம் பள்ளிவாசல்களும் கோவில்களும் நிறைந்த பிரதேசமாகும். இங்கு கிறிஸ்தவர்கள் சிறு தொகையினரே. அச்சிறு தொகையினரும் வெவ்வேறு சபைகளாகப் பிரிந்து நிற்பது ஏன் என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுவதுண்டு. அக்கேள்வியைத் தமது வாழ்நாட் பணியாக ஏற்றவர் வண. டானியேல் தம்பிராஜா நைல்ஸ் ஆவார்.

இப்பிரிவினை நம்மவர் உண்டாக்கியதன்று. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் மெதடிஸ்தப் பணியை ஆரம்பித்தார். 1816இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷனரிமார் கால்பதித்தனர். எந்த மிஷன் எந்த ஊரை அடைந்ததோ அவ்வூர்க் கிறிஸ்தவர் அச்சபையினராயினர். ஐரோப்பிய வரலாற்றின் பிணக்குகள் இவ்வாறு நமது கிராமங்களிலும் குடியேறின.

1908 மே 4ஆம் திகதி அதே தெல்லிப்பழையிலேயே நைல்ஸ் பிறந்தார். பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் பயின்று மெதடிஸ்த குருவானார். 1938இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் நடைபெற்ற உலக மிஷனரி மாநாட்டில் கலந்துகொண்ட இளம் பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். 1948இல் ஆம்ஸ்ரடாம் நகரில் உலகத் திருச்சபைகள் மன்றம் உதயமானபோது, அதன் ஆரம்ப ஆராதனையில் உரையாற்றும் பொறுப்பு நாற்பது வயதேயான இந்த யாழ்ப்பாணத் தமிழருக்குக் கிடைத்தது. 1968இல் சுவீடனின் உப்சாலா மாநாட்டில், அவ்வாண்டு ஏப்ரலில் கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங் ஆற்றவிருந்த ஆரம்ப உரையையும் அவரே ஆற்றினார்.

உலகப் புகழ் அவரைத் தாய்நாட்டிலிருந்து பிரித்துவிடவில்லை. யாழ். மத்திய கல்லூரியின் அதிபராகவும் பின்னர் இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் முதற் பொதுச் செயலாளரும் அவரே. ஆசிய மக்களின் இசைமரபுகளுக்கு இடமளித்த பாடல் தொகுப்பொன்றை அவ்வமைப்புக்காகத் தொகுத்ததுடன், தாமும் பல பாடல்களை இயற்றினார்.

1947 செப்டெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளும், பிரஸ்பிற்றேரியன், கொங்கிரிகேஷனல் மரபினரின் ஐக்கிய சபையும் அதில் ஒன்றிணைந்தன. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதன் ஒரு பேராயமாயின. இலங்கை முழுவதற்கும் அத்தகையதொரு சபை வேண்டும் என்பதே நைல்ஸ் அவர்களின் வேட்கை. அவர் முன்னின்று உழைத்த திட்டத்தில் பப்ரிஸ்த சபையும் பங்குகொண்டது. பேராயரின் கரங்களால் குருத்துவம் பெற்றவரையும் பெறாதவரையும் ஒரே குருகுலமாக்குவது எவ்வாறு, குழந்தைக்கு ஞானஸ்நானம் வழங்கும் சபையும் வளர்ந்தோருக்கு மட்டுமே வழங்கும் சபையும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது எவ்வாறு என்பனவே தீர்க்கவேண்டியிருந்த சிக்கல்கள். இரு ஞானஸ்நான முறைகளுக்கும் இடமளிப்பதெனத் திட்டம் வகுக்கப்பட்டது. ஒரு சாராரை மற்றச் சாராருள் கரைத்துவிடுவது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

1970 ஜூலை 17ஆம் திகதி வேலூரில் நைல்ஸ் காலமானார். அதன்பின் கைகூடும் தறுவாயை எட்டிய ஒன்றிப்பு நீதிமன்ற வழக்கினால் தடைப்பட்டது. சபைகள் இன்றும் தனித்தனியாகவே இயங்குகின்றன. எனினும், 1963இல் பிலிமத்தலாவையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த முதலான சபைகள் கூட்டாக ஆரம்பித்த இலங்கை இறையியற் கல்லூரியில் குருமாணவர் ஒன்றாகவே கற்கின்றனர். அக்காலத்து முயற்சிகள் முற்றாக வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினராக வாழ்வோர் தமக்குள் பிளவுண்டு நிற்பது தமது சாட்சியத்தையே பலவீனமாக்கும் என நைல்ஸ் நம்பினார். பல இனத்தவரும் மதத்தவரும் அருகருகே வாழும் நமது கரையோரத்துக்கு இச்சிந்தனை மிகப் பொருத்தமானது. பிறரோடு ஒற்றுமை பேசுவோர் அதனைத் தமது வீட்டினுள்ளேயே தொடங்கவேண்டும் என்பதை அவரது வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.